மாவு பூசாத விளக்கு

விடிந்து, பால்காரர் வந்து போய், வெயிலும் ஏறிவிட்டது. தெருவில் ஒரு தறிகூடச் சத்தம் போடவில்லை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அப்படி ஒரு காலை வருவதென்றால் யாராவது பெரிய மனிதர் செத்திருக்க வேண்டும். அப்போதும்கூட நாலு வீடு தள்ளி ஒருத்தர் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகத் தறியில் நாடா ஓட்டிக்கொண்டுதான் இருப்பார். முகூர்த்தச் சேலைக்குச் சாவு தெரியுமா?

சபாபதி தறிக்குழியில் காலை இறக்கி வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். கரையைச் சேலையோடு கோர்க்கிற கோர்வை நாடாவைப் போட மகள் கீர்த்தி பக்கத்தில் வந்து உட்கார வேண்டும். வரவில்லை. காப்பியும் வரவில்லை. மகள் வராததைப் பொறுத்துக்கொண்டவரால் காப்பி வராததைப் பொறுக்க முடியாமல் எழுந்து கூடத்துக்கு வந்தார்.

அவர் மனைவி இந்திராணி முந்தானையைச் சுருட்டிக் கண்ணில் அழுத்திக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கீர்த்தி குப்புறப் படுத்து அழுதுகொண்டிருந்தாள்.

"இன்னா ஆச்சு?"

"கண்ணு தொறக்க முடியலைங்க. மொளகாத்தூளை அள்ளிக் கொட்டுன மாதிரி எரியுது. உள்ள மணலு மணலா உறுத்துது."

"ரெண்டு பேருக்குமா?"

"வாசல்ல போய்ப் பாருங்க. ரெண்டு பேரா, தெருவேவான்னு தெரியும்."

சபாபதி வாசலுக்குப் போனார். எதிர் வீட்டுப் படியில் ஒருத்தி ஈரத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த வீட்டில் ஒருத்தியை அவள் புருஷன் கையைப் பிடித்துக் கொல்லைக்கு அழைத்துப் போனான். கல்யாணம் ஆனதிலிருந்து அவன் அவள் கையைத் தெரு பார்க்கப் பிடித்தது அன்றைக்குத்தான். ஆண்களுக்கெல்லாம் கண் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெண்கள் கண்ணை மூடிக்கொண்டால் தங்களுக்குக் கையும் ஓடாது என்பது அன்று அவர்களுக்குத் தெரிந்தது. தெரிந்ததாக ஒருத்தரும் ஒப்புக்கொள்ளவில்லை.

பெண்களில் கமலாட்சி ஒருத்திக்குத்தான் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் வீடு. சோடாப்புட்டிக் கண்ணாடிக்குப் பின்னால் அவள் கண் ரெண்டும் பெரிய திராட்சையாக உருண்டுகொண்டிருந்தன. இத்தனை நாள் வீட்டுக்கு வீடு சேதி கொண்டு போனதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டவள், அன்றைக்குத் தெருவில் கண் தெரிகிற ஒரே பெண்பிள்ளையாகி, நர்சம்மா மாதிரி நடந்து வந்தாள். கையில் ஒரு கிண்ணம் நிறைய நந்தியாவட்டைப் பூ. கோயில் செடியை மொட்டையடித்துவிட்டு வந்திருந்தாள்.

"மெட்ராஸ் ஐ தாண்டி இந்திராணி. இதைக் கண்ணுல வெச்சிக்கோ, குளுகுளுன்னு இருக்கும்."

"உங்களுக்கு வரலையாக்கா?"

"எனக்கு எப்படி வரும்? நாலு வருஷமா வெள்ளிக்கிழமை பச்சைத் தண்ணி பல்லுல படாம விரதம் இருக்கறவ. காமாட்சி கை விட்டுடுவாளா?" கமலாட்சி குரலைத் தணித்துக்கொண்டாள். "நான் ஊடு ஊடாப் போய்ப் பாத்துட்டேன். நேத்து உங்க ஊட்டுக் கொலுவுல உக்காந்திருந்தவங்க அத்தனை பேருக்கும் வந்துக்கீது. சுண்டலை வாங்கினு உடனே போன தெற்குத் தெருக்காரிங்களுக்கு வரல. அங்க ஒருத்திக்கும் இல்லை. இப்ப நீயே யோசி. நேத்து உங்க ஊட்டுக்குப் புதுசா வந்தது யாரு?"

இந்திராணி பூவை எடுத்துக் கண்ணில் அழுத்திக்கொண்டாள்.

புதுசாக வந்தது ஏலவார்குழலி. தாமல் கிராமத்து வேலாயுதத்தின் பெண். இந்திராணியின் மகன் ஆனந்தகுமாருக்கு ஆவணியில் நிச்சயம் பண்ணிய பெண். நிச்சயமான பெண்ணை முதல் நவராத்திரிக்கு அழைத்து, வெற்றிலை பாக்கு மஞ்சள் கொடுத்து, ஒரு பாட்டுப் பாடச் சொல்லிக் கேட்பது அந்தத் தெருவில் வழக்கம். பாட்டுக் கேட்பது சாக்கு. பெண்ணுக்குக் குரல் கட்டையா, நடை சரியா, உட்காரும்போது சேலையை எப்படி ஒதுக்குகிறாள் என்று தெருவே பார்த்துக்கொள்ளும். அந்தப் பெண் வந்தது கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு.

"போன வாரம் கண்ணு வலி அத்தை. சரியாயிடுச்சு. ஆனாலும் நாலு பேர் இருக்கற எடமாச்சே" என்று வாசலிலேயே அடக்கமாகச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். அந்த அடக்கம்தான் இப்போது சாட்சியாகிவிட்டது.

"பாட்டு முடிஞ்சு கும்புடச்சொல்ல கண்ணாடியை ஒரு நிமிஷம் கழட்டுனா, பாத்தியா? அப்ப எல்லாரையும் ஒரு பார்வை பாத்தா. கண்ணைப் பாத்தா ஒட்டிக்கும்னு பச்சப் புள்ளைக்கும் தெரியும். ஊட்டுல இருந்திருக்கலாமில்ல?" என்றாள் கமலாட்சி.

"அவ நல்ல பொண்ணுக்கா."

"நல்ல பொண்ணுதான். யார் இல்லன்னா? கண்ணுதான் நல்ல கண்ணு இல்ல."

நேற்றைய சாயங்காலம் இப்படி முடியுமென்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். அந்த வருஷம் கரண்ட் போகாத சாயங்காலம் கிடையாது. புரட்டாசிப் புழுக்கம் வேறு. மேற்கே மின்னிக்கொண்டே இருந்ததே ஒழிய மழை வரவில்லை. விளக்கேற்றும் நேரத்துக்குத் தெரு முழுக்க இருண்டுவிட்டது. மற்ற வீட்டுக் கொலுவெல்லாம் குத்துவிளக்கில் மினுக்கிக்கொண்டிருக்க, இந்திராணி வீட்டில் மட்டும் கொலுவில் கட்டிய கைலாச மலை நீலமாக எரிந்தது.

ஆனந்தகுமாரின் வேலை அது. அவன் பேருந்து நிலையம் பக்கம் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். சென்னையிலிருந்து பழைய ஸ்கேனர், பேக்ஸ் மெஷின் எல்லாம் எடைக்கு வாங்கி வந்து பிரிப்பான். அதற்குள்ளிருந்து நூல் சுற்றும் தார்க்குச்சியின் தடிமனில், ஒரு சாண் நீளத்தில் கண்ணாடிக் குழாய்கள் கிடைக்கும். அதை எரிய வைத்துக் காட்டுவதில் அவனுக்குச் சாமி கும்பிடுவதைவிட பக்தி. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வந்த பெண்களுக்கெல்லாம் பாடம் எடுத்தான்.

"சாதா டியூப்லைட்டுக்கு முனைக்கு ரெண்டு ரெண்டு கம்பி இருக்கும் சித்தி. உள்ள ஒரு இழை சூடாகும். இதுக்குப் பாருங்க, முனைக்கு ஒண்ணுதான். சூடாகிற இழையே கெடயாது. அதனால நேரா கரண்ட்ல குடுத்தா எரியாது. இந்தப் பச்சை அட்டை இருக்குதே, பன்னெண்டு வோல்ட் பேட்டரியை ஆயிரத்துக்கு ஏத்திக் குடுக்கும். ஒரு தபா புடிச்சிக்கிச்சுன்னா அப்புறம் கொஞ்சமா உறிஞ்சினு எரியும்."

"ஆயிரமா? தொட்டா?"

"சுர்ருன்னு இழுக்கும். தொடாதீங்க. பாருங்க."

பார்த்தார்கள். அதுதான் கோளாறு.

அவனிடம் இருந்த குழாய்களில் பலதும் உள்ளே வெள்ளை மாவு பூசியவை. எரிந்தால் பால் வெள்ளை. எந்தப் பழைய மெஷினிலிருந்து வந்ததோ, ஒன்றே ஒன்று மாவில்லாமல், தண்ணீர் மாதிரி தெளிந்த கண்ணாடி. எரித்துப் பார்த்தால் வெளிர் நீலம். "நீலகண்டனுக்கு நீலம்தான் எடுக்கும், அதையே வைடா" என்று சொன்னது இந்திராணிதான். அவன் அதைக் கைலாச மலையின் உச்சியில், சிவன் பார்வதி தலைக்கு மேல், கூட்டத்தைப் பார்த்த மாதிரி கட்டினான். எரிந்ததும் எல்லோர் முகமும் கொஞ்சம் செத்த நிறமாகத் தெரிந்தது. இடி விழுந்த இடத்தில் வருமே, அந்த மாதிரி ஒரு வாசனை வந்தது. புது ஊதுவத்தி என்று ஒருத்தி சொன்னாள். வீட்டுக்குப் போனால் இருட்டு என்பதால் பெண்கள் எழுந்திருக்கவே இல்லை. காராமணிச் சுண்டல் தீர்ந்து, இந்திராணி மறுபடி அடுப்பு மூட்டி வேர்க்கடலை வேகவைத்துப் போட்டாள். யார் வீட்டில் எந்தச் சண்டை என்பது முழுக்க அன்றைக்குக் கைலாசத்துக்கு எதிரில் பேசித் தீர்க்கப்பட்டது.

நந்தியாவட்டைக்கு அடங்கவில்லை. பத்து மணிக்கு மேல் ஆனந்தகுமாரே ரெண்டு ஷேர் ஆட்டோ பிடித்து எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். கண்ணை மூடிக்கொண்டு வந்த இந்திராணிக்கு மகன் மூச்சு விடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கண் டாக்டர் சின்ன வயசுப் பெண். ஆளுக்கு ஒரு சொட்டு மஞ்சள் மருந்து விட்டு, விளக்கடித்துப் பார்த்தாள். மூன்று பேரைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

"எல்லாரும் ஒரே எடத்துல நின்னு வெல்டிங் பாத்தீங்களா?"

அந்த வலியிலும் பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

"நாங்க எங்கம்மா வெல்டிங் பாக்கப் போறோம்? கொலு பாத்தோம்."

"கருவிழி மேல இருக்கற மெல்லிசுத் தோல் வெந்திருக்கு. முகமும் சிவந்திருக்கு பாருங்க, வெயில்ல கருகுன மாதிரி. இது ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தருக்கு ஒட்டிக்கிற வியாதி இல்ல. ரெண்டு நாள்ல தானா சரியாயிடும். ஆனா எதைப் பாத்தீங்கன்னு யோசிச்சுச் சொல்லுங்க. மறுபடி பாக்கக் கூடாது."

யாரும் யோசிக்கவில்லை. மருந்தை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறியதும் கூட வந்த கமலாட்சி தீர்ப்புச் சொன்னாள். "சின்னப் பொண்ணு. அதுக்கு இன்னா தெரியும்? வெல்டிங்காம்." அப்புறம் கொஞ்ச தூரம் போனதும், "சரி, ஒட்டிக்கிற வியாதி இல்லன்னே வெச்சிப்போம். அப்ப ராசிதான? அடி எடுத்து வெச்ச அன்னிக்கே தெருவை இருட்டாக்கிட்டா. நாளைக்கு ஊட்டோட வந்து உக்காந்தா?" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வியாதி, திரும்பும்போது ராசி. காரணம்தான் மாறியது, ஆள் மாறவில்லை.

மருந்தில் எரிச்சல் கொஞ்சம் தணிந்து, சாயங்காலம் இந்திராணியால் ஒரு கண்ணைப் பாதி திறக்க முடிந்தது. சாமிக்கு விளக்கேற்றப் போனவள் கைலாசத்தைப் பார்த்தாள். உச்சியில் குழாய் இருந்தது. வெள்ளை மாவு பூசிய குழாய்.

ஆனந்தகுமார் கடைக்குப் போகாமல் உள் அறையில் உட்கார்ந்திருந்தான்.

"நீலம் எங்கடா?"

"ஃபியூஸ் ஆயிடுச்சும்மா."

"எப்ப மாத்துன?"

"காலையில."

"காலையில நாங்க கண்ணு தெரியாம கூடத்துல கெடக்கச்சொல்ல, நீ லைட்டு மாத்தினு இருந்தியா?"

அவன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். அவனுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது அப்போதுதான் இந்திராணிக்கு உறைத்தது. கமலாட்சிக்குக் கண்ணாடி. இவனுக்குக் கண்ணாடி. அந்தப் பெண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி. வீட்டுக்காரருக்கும் கண்ணாடிதான், ஆனால் அவர் "பொம்மை பாக்கற வயசா எனக்கு" என்று தறி அறையை விட்டு வரவே இல்லை. நெசவுக்காரிக்கு இழையைப் பிடித்துக்கொண்டே போனால் அறுந்த இடம் தெரியாமல் போகாது.

"அந்த லைட்டுதான" என்றாள்.

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "எனக்கும் சந்தேகம்தான் இருந்துச்சு. டாக்டரம்மா வெல்டிங்னதும் தெரிஞ்சிடுச்சு" என்றான். "உள்ள மாவு பூசியிருந்தா அந்த மாவுதாம்மா நாம பாக்கற வெளிச்சத்தைக் குடுக்கறது. மாவு இல்லன்னா உள்ள இருக்கற கதிர் அப்படியே வெளிய வந்துடும். அது கண்ணுக்கே தெரியாது. தெரியற நீலம் கொஞ்சூண்டு. தண்ணி சுத்தம் பண்ற மெஷின்ல கிருமி சாவறதுக்குப் போடுவாங்க. நான் அதைக் கலர் லைட்டுன்னு நெனச்சிட்டேன்."

"கிருமியைச் சாவடிக்கற லைட்டையா தெரு ஜனத்துக்குக் காட்டுன?"

"தெரியாமதானம்மா."

"தெரியாமதான். சரி, இப்ப தெரிஞ்சிடுச்சில்ல? போய்ச் சொல்லு."

"சொன்னா?" அவன் எழுந்து கதவைச் சாத்தினான். "தெருவுல இருக்கறவங்க கம்ப்யூட்டர் எல்லாம் என் கடைக்குத்தான் வருது. எவன் குடுப்பான் அப்புறம்? கண்ணைப் பொசுக்குனவன்னு பேர் வந்துடும். ரெண்டு நாள்ல கண்ணு சரியாயிடும், எல்லாரும் மறந்துடுவாங்க."

"அந்தப் பொண்ணை மறக்க மாட்டாங்கடா."

"குழலிக்கு ஒண்ணும் தெரியாதும்மா. அவ ஊர்ல இருக்கா. உனக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்சது, நம்மளோட போவட்டும்."

இந்திராணி அவனை அறையவில்லை. அறைந்திருக்கலாம். அவளுக்கு அவன் கடை திறந்த நாள் ஞாபகம் வந்தது. இத்தனை நாள் ஒரு பொய்யும் சொல்லாத பிள்ளை என்று தெருவில் பீற்றிக்கொண்டவள், திறந்த ஒற்றைக் கண்ணால் அவனையே பார்த்தாள். பிள்ளை சொன்ன பொய்யைவிட, தன் வாய் உடனே "சரி" என்று சொல்ல வந்ததுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது.

வாய் அதைச் சொல்லவில்லை. வேறு ஒன்றும் சொல்லவில்லை.

டாக்டரம்மா சொன்னபடி கண்கள் தெளிந்தன. சில பேருக்கு நெற்றியிலும் கன்னத்திலும் தோல் உரிந்தது. தறிகள் மறுபடி தட்டத் தொடங்கின. வலி போனதும் பேச்சுக்குத் தெம்பு வந்துவிட்டது. வேறு பெண் பார்க்கலாமே என்று சபாபதியிடமே தறிக்குழிக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் நாடாவை நிறுத்தாமல், "பொம்பளைங்க முடிவு பண்ணட்டும்" என்றார். தாமலுக்கும் சேதி போயிருக்கும். காஞ்சிபுரத்திலிருந்து தாமலுக்குப் பேருந்தைவிடச் சேதி சீக்கிரம் போகும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் இந்திராணி ஒரு முழம் மல்லியும் கொஞ்சம் பழமும் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினாள். போட்டிருந்த கணக்கு இதுதான்: பெண்ணைச் சமாதானம் பண்ணுவது, கல்யாணத்தைக் காப்பாற்றுவது. விளக்கைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

தாமல் ஏரியில் பாதித் தண்ணீர் இருந்தது. வேலாயுதம் அவளை வாசலில் பார்த்து, "வாங்க" என்று சொல்லிவிட்டு, கூட ஒரு வார்த்தை சேர்க்காமல் கொல்லைப் பக்கம் போய்விட்டார். ஏலவார்குழலி கூடத்தில் ராட்டை முன்னால் உட்கார்ந்து தார் சுற்றிக்கொண்டிருந்தாள். அரக்குப் பட்டு. கண் தெளிவாக இருந்தது. இந்திராணி அந்தக் கண்ணை நேராக, நன்றாகப் பார்த்தது அப்போதுதான்.

"வாங்க அத்தை. கண்ணு எப்படி இருக்குது?"

"சரியாயிடுச்சும்மா. தெருவுல ஏதோ பேசிக்கிறாங்க. நீ மனசுல வெச்சிக்காத. ஜனங்கதான? ரெண்டு நாள்ல..."

"மறந்துடுவாங்க" என்று முடித்தாள் ஏலவார்குழலி. ராட்டை நிற்கவில்லை. "அவரும் இதையேதான் சொன்னாரு."

"எவரு?"

"உங்க புள்ளை. அன்னிக்கு மத்தியானம் நானே போன் பண்ணேன். கமலாட்சியம்மாவுக்கு மட்டும் வரலன்னு இங்க சேதி வந்துது; அவங்களும் கண்ணாடி, நானும் கண்ணாடி. எனக்கு அந்த வாசனையும் ஒரு மாதிரியா இருந்துச்சு. லைட்டா இருக்குமான்னு கேட்டேன். ஆமாம்னாரு."

இவளுக்குத் தெரியாது என்றானே. முகத்தைப் பார்த்துச் சொன்னானே.

"யார்கிட்டயும் சொல்லாத, கடைப் பேர் கெட்டுடும்னாரு. என் பேரு கெடலையான்னேன். நீ தாமல்லதான இருக்க, உனக்கு இன்னா வந்துதுன்னாரு." ஒரு குச்சி நிறைந்துவிட்டது. எடுத்துவிட்டு அடுத்ததை மாட்டினாள். "நான் எங்க அப்பாகிட்டகூடச் சொல்லல அத்தை. அவரே வந்து சொல்லுவாருன்னு பாத்தேன். நீங்க வந்தீங்களா, சரி, அத்தையாவது சொல்லுவாங்கன்னு நெனச்சேன்."

இந்திராணி கொண்டு வந்த பூ மடியிலேயே இருந்தது. சொல்லுவதற்கு இப்போதுகூட நேரம் இருந்தது. அவள் வாயைத் திறந்தபோது வந்தது, "அவன் பயந்துட்டாம்மா" என்பதுதான்.

"தெரியுது."

அந்தப் பெண் எழுந்து உள்ளே போய் வந்தாள். கையில் கறுப்புக் கண்ணாடி.

"இதை அவருகிட்ட குடுங்க. அடுத்த லைட்டு எரிய வெக்கச்சொல்ல போட்டுக்கட்டும். பக்கத்துல இருக்கறவங்களுக்கும் சேத்து ரெண்டு மூணு வாங்கி வெச்சிக்கச் சொல்லுங்க. நிச்சயத்துக்குக் குடுத்த பொடவையை அப்பா கொண்டாந்து குடுத்துடுவாரு."

"குழலி..."

"பஸ்ஸுக்கு நேரமாச்சு. போயிட்டு வாங்கம்மா."

அத்தை இல்லை. அம்மா. தெருவில் வழி கேட்கிற கிழவியையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பேருந்தில் இந்திராணிக்கு ஜன்னல் சீட்டுக் கிடைத்தது. கண் மறுபடி வழியத் தொடங்கியது. இந்தத் தடவை எந்த விளக்கும் இல்லாமல். கண்டக்டர் ரெண்டு முறை திரும்பிப் பார்த்தான். அவள் அந்தக் கறுப்புக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

காஞ்சிபுரத்தில் அப்படியே இறங்கினாள். பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரே பூஜை வியாபாரம். பூசணிக்காய் குவியல், பொரி மூட்டை, வாழைக்கன்று. பொரிக்காரனிடம் பேரம் பேசிக்கொண்டிருந்த கமலாட்சியும் தெருப் பெண்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள்.

"இன்னாடி இந்திராணி, மறுபடியுமா? தாமலுக்கா போயிட்டு வர? நான் தலையால அடிச்சிக்கினேனே, அவ மூஞ்சியில முழிக்காதன்னு. ஒட்டிக்கிச்சா?"

இந்திராணி கண்ணாடியைக் கழற்றினாள். வெயில் நேராக முகத்தில் அடித்தது.

"அவகிட்ட இருந்து வரலக்கா. எங்க ஊட்டுக் கைலாசத்துல இருந்து வந்துது. என் புள்ள கட்டுன லைட்டு அது. கிருமியைக் கொல்ற லைட்டு. நீலமா வைடான்னு சொன்னது நான். அவனுக்கு அன்னிக்கே தெரியும். எனக்கும் அன்னிக்கே தெரியும். அந்தப் பொண்ணுக்கு ஒண்ணுமில்ல. அவ கண்ணு நல்ல கண்ணு."

பொரிக்காரன் படியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றான். தோல் உரிந்த நெற்றியை ஒருத்தி மெதுவாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"அப்ப எனக்கு எப்படி வரல?" என்றாள் கமலாட்சி.

"உங்க கண்ணாடிதான்க்கா காப்பாத்துச்சு."

கமலாட்சி கண்ணாடியைக் கழற்றி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "அப்ப என் விரதம்?"

இந்திராணி அதற்கு நிற்கவில்லை. நடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் அவளைத் தாண்டி வேகமாகப் போயிற்று; பொரி வாங்காமலே போனார்கள். அவள் தெருமுனை திரும்பும்போது சேதி அவளுக்கு முன்னால் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. முதல் வீட்டில் தறி நின்றது. அதற்கடுத்த வீட்டில் நின்றது. எதிர் வரிசையில் ஒன்று, அப்புறம் இன்னொன்று. வாசல்களில் ஆட்கள் வந்து நின்றார்கள்.

அவள் வீட்டுத் தறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே இன்னும் யாரும் போய்ச் சொல்லவில்லை.